எதைக் கேட்காமல் விடுவது?

காவலர் இடுப்பில் தொங்கும் வாக்கி டாக்கியின் அதே உருவம். தலையில் விரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் ஏரியல், முகத்தில் சின்னத் திரை, பக்கவாட்டில் சில பொத்தான்கள். ஆனால் இதில் பேச முடியாது, கேட்க மட்டுமே முடியும். கையடக்கத் தகவல்தொடர்பு ரிசீவர் என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் ஸ்கேனர் என்பார்கள். வீட்டு ரேடியோ மத்திய அலையோடும் பண்பலையோடும் நின்றுவிடும். இதுவோ விமானிகள் பேசும் 118 முதல் 137 மெகா ஹெர்ட்ஸ், ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் உரையாடும் 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ், கப்பல்களும் படகுகளும் ஆபத்தில் அழைக்கும் 156.8 மெகா ஹெர்ட்ஸ் என்று பெரும் பரப்பை உள்ளங்கைக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ஜப்பானின் ஐகாம் நிறுவனம் செய்த ஐசி-ஆர்6 என்ற சிறு கருவி 0.1 மெகா ஹெர்ட்ஸில் தொடங்கி 1,309 மெகா ஹெர்ட்ஸையும் தாண்டுகிறது; அதற்கு இரண்டு டபுள்-ஏ செல்கள் போதும். இத்தனை அகலத்தைப் பார்த்ததும் வாங்குபவருக்கு எழும் ஆசை ஒன்றே: எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும். வாங்கிய சில வாரங்களில் இந்தப் பெட்டி அலமாரிக்குப் போவதற்கும் அந்த ஆசைதான் காரணம் என்பது என் எண்ணம்.

ரிசீவர் அலையைப் ‘பிடிக்கிறது’ என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். பிடிப்பதற்கு எந்தச் சாமர்த்தியமும் வேண்டாம். மொட்டை மாடியில் துணி காயும் கம்பிகூட ஊரின் பண்பலை நிலையங்கள் அத்தனையையும், கைபேசிக் கோபுரங்களையும், மேலே போகும் விமானத்தையும் ஒரே நொடியில் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கடினமான வேலை அதற்குப் பிறகு வருகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விட்டு மற்ற எல்லோரையும் வாசலிலேயே நிறுத்த வேண்டும். இதற்கு 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்ட வழிதான் சூப்பர்ஹெட்டரோடைன். ரிசீவருக்குள்ளேயே ஒரு சிறு ஆஸிலேட்டர் அலை ஒன்றை உண்டாக்கும். வெளியிலிருந்து வரும் அலையோடு அதைக் கலந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் அளவில் புதிய அலை பிறக்கும். நாம் டியூன் செய்யும்போது நகர்வது இந்த ஆஸிலேட்டர்தான். எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் அது ஒரே இடத்துக்கு இறங்கி வரும். மத்திய அலைப் பெட்டிகளில் வழக்கமாக 455 கிலோ ஹெர்ட்ஸுக்கு, பண்பலையில் 10.7 மெகா ஹெர்ட்ஸுக்கு. வடிகட்டி அந்த ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதால் அதை எவ்வளவு கூர்மையாகவும் செய்யலாம். ஆக, இந்தக் கருவியின் உயிர் வடிகட்டியில் இருக்கிறது. அதைக் கையில் பிடித்திருப்பவரின் திறமையும் அங்கேதான் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். எதைக் கூட்டுவது என்று யோசிப்பவரைவிட எதைக் கழிப்பது என்று யோசிப்பவர் அதிகம் கேட்பார். ஆபத்திலிருந்தும் விலகி நிற்பார்.

முதலில் எல்லோரும் கூட்ட விரும்புவது ஏரியலின் நீளத்தை. நீளம் கூடினால் சிக்னல் கூடும் என்பது பொய்யில்லை. கால் அலைநீளத்துக்கு ஒரு கம்பி இருந்தால் ஏரியல் நன்றாக வேலை செய்யும். 75-ஐ மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அந்த நீளம் மீட்டரில் கிடைத்துவிடும். விமான அலைவரிசையின் நடுவில், 125 மெகா ஹெர்ட்ஸுக்கு, 60 சென்டிமீட்டர், கடலில் 156.8-க்கு ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். பெட்டியோடு வரும் ஒரு சாண் ரப்பர் ஏரியல் இவற்றைச் சுருட்டி மடக்கிய சமரசம். ஆகவே இந்த உயர் அலைவரிசைகளில் சரியான அளவுக் கம்பியை மாட்டினால் பலன் உண்டு. சிற்றலையில் கதை வேறு. 7 மெகா ஹெர்ட்ஸில் குடியிருப்புப் பகுதியின் சூழல் இரைச்சல், இயற்கையான வெப்ப இரைச்சலைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். அங்கே ஏரியலை நீட்டினால் பேச்சும் வளரும், கரகரப்பும் அதே அளவு வளரும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாதபோது காதுக்கு என்ன லாபம்? அங்கே உதவுவது இரைச்சலைக் குறைப்பதுதான். கைபேசி சார்ஜர், மட்டமான எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். ரிசீவரைச் செல்லில் ஓடவிட்டு வீட்டு மெயினை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தால் குற்றவாளி உள்ளூரா வெளியூரா என்று தெரிந்துவிடும். வடிகட்டியின் அகலத்தை 6 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 3-ஆக்க உங்கள் பெட்டியில் வசதி இருந்தால் அதையும் செய்யலாம். உள்ளே வரும் இரைச்சலின் ஆற்றல் பாதியாகிவிடும். மனிதக் குரல் கொஞ்சம் மூக்கடைத்தது போல் ஒலிக்குமே தவிர சொல் புரியும்.

‘விலை உயர்ந்த, நுண்ணிய கருவி வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதே’ என்று கேட்கலாம். இதற்குச் சென்னை வானமே பதில் சொல்லும். அங்கே 93.5 மெகா ஹெர்ட்ஸில் ஒரு பண்பலை நிலையமும் 106.4-இல் இன்னொன்றும் இருக்கின்றன. அகலமான வாயிலைத் திறந்து வைத்திருக்கும் சிறு ரிசீவரில், இந்த இரண்டு பலசாலிகளும் முதல் கட்டப் பெருக்கியை அதன் தாங்கு சக்திக்கு மேல் தள்ளினால், அவை தங்களுக்குள் கலந்து இல்லாத அலைகளை உண்டாக்கும். 106.4-ஐ இரட்டித்து 93.5-ஐக் கழித்துப் பாருங்கள், 119.3 வரும். அது விமான அலைவரிசைக்குள் விழுகிறது. விமானியின் குரலுக்குக் காத்திருப்பவர் சிதைந்த சினிமாப் பாட்டைக் கேட்டுவிட்டு, ஏதோ சட்டவிரோத ஒலிபரப்பு நடக்கிறது என்று முடிவுக்கு வரக்கூடும். அந்த ஒலிபரப்பு காற்றில் இல்லை, அவர் கையிலுள்ள பெட்டிக்குள் மட்டுமே நடக்கிறது. நுண்மை கூடிய கருவியில் பெரிய ஏரியலை மாட்டினால் இந்தப் பேய்க் குரல்கள் கூடத்தான் செய்யும். பெரும்பாலான பெட்டிகளில் அட்டெனுவேட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சிக்னலை வேண்டுமென்றே பலவீனமாக்குவது அதன் வேலை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் சிக்னலைக் குறைக்க ஒரு பொத்தானா என்று அதைத் தொடாமலே விட்டுவிடுபவர்கள் உண்டு. அதை அழுத்தும்போது உண்மையான குரல் சற்றே தணியும், பேய்க் குரலோ அடியோடு மறையும். நிஜத்தையும் போலியையும் பிரிக்க இதைவிட எளிய சோதனை இல்லை.

ஏரியலைவிட முக்கியமானது நிற்கும் இடம். இந்த உயர் அலைகள் பூமியின் வளைவைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. கண்ணுக்கு எட்டும் தொடுவானத்தைவிடக் கொஞ்சம் அதிகம் போகும், அவ்வளவே. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் என்பது வந்துவிடும். தெருவில் நிற்பவர் கையிலுள்ள பெட்டிக்கு 5 கிலோமீட்டர். 20 மீட்டர் உயர மாடியில் 18. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு 412. இதனால்தான் புதிதாகக் கேட்பவர் குழம்புகிறார். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் போகும் விமானியின் பேச்சு தெளிவாகக் கேட்கிறது, அவருக்குப் பதில் சொல்லும் தரைக் கட்டுப்பாட்டு அறை முப்பது கிலோமீட்டரில் இருந்தும் ஊமையாகிவிடுகிறது. கருவியில் பழுது என்று கடைக்கு எடுத்துப் போக வேண்டாம், மாடிப்படி ஏறினால் போதும். ஆழ்கடல் மீனவருக்கோ இந்தக் கணக்கு உயிர்ப் பிரச்சினை. படகின் ஏரியல் 10 மீட்டர், கரைக் கோபுரம் 50 மீட்டர் என்றால் இருவரும் பேசக்கூடிய எல்லை சுமார் 42 கிலோமீட்டர்தான். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயல் வந்தபோது, அந்த எல்லைக்கு வெகு தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த படகுகளுக்குக் கரையிலிருந்து நேரடியாக எச்சரிக்கை சொல்ல இந்த அலைகளால் முடிந்திருக்காது. கடல் நீரின் மேல் நெடுந்தூரம் ஊர்ந்து செல்லக்கூடிய மத்திய அலை அந்த இடத்தில் இன்றும் மதிப்புள்ளது. சாதாரண வானொலிச் செய்தியைக் கேட்கும் வசதியும் இந்தக் கையடக்கப் பெட்டியின் முக்கியமான திறன் என்று சொல்வது அதனால்தான்.

டியூன் செய்வதில் ஒரு சின்ன விஷயம் பலரை ஏமாற்றுகிறது. இந்தியாவிலும் ஆசியாவின் பிற பகுதிகளிலும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை, அமெரிக்காவில் 10. திருச்சி வானொலியின் 936 கிலோ ஹெர்ட்ஸ் ஒன்பதின் மடங்கு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி 930-இலிருந்து 940-க்குத் தாவிவிடும். திருச்சி இரண்டுக்கும் நடுவில் இழுபட்டு ஒலிக்கும். மெனுவில் இடைவெளியை மாற்றினால் தீர்ந்தது. பண்பேற்ற முறையையும் அலைவரிசைக்கு ஏற்ப வைக்க வேண்டும். படகுகளும் காவல்துறையும் எஃப்எம் பயன்படுத்த, விமானங்கள் மட்டும் இன்னும் பழைய ஏஎம் முறையில் பேசுகின்றன. பழைமைப் பற்று இதற்குக் காரணமில்லை. எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்தவர் மற்றவரை முழுதாக விழுங்கிவிடுவார். இரண்டாமவர் பேசினார் என்பதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் கலந்து ஒரு கீச்சொலியாவது எழும். யாரோ குறுக்கே பேசுகிறார் என்று புரியும். அந்தக் கீச்சொலியே போதாமல் போன நாளும் உண்டு. 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃப் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையும் ஒரு விமானமும் ஒரே நொடியில் பேச, ஓடத் தொடங்கியிருந்த மற்ற விமானத்தின் அறையில் அந்த முக்கியமான சொற்கள் கிறீச்சிடலாகக் கலங்கி விழுந்தன. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்பது கேட்பவருக்கு வெறும் தகவல். பேசுபவருக்கு அதில்தான் உயிர் தொங்குகிறது. கேட்கும் கருவியோடு பேசும் கருவியையும் வைத்திருப்பவர்கள் தேவையில்லாமல் அழைப்புப் பொத்தானை அழுத்தக்கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஐசி-ஆர்6-இல் 1,300 நினைவிடங்கள் உண்டு. நொடிக்கு 100 வீதம் அவற்றைச் சுற்றிவரும். கணக்கு எளிது. எல்லாவற்றையும் நிரப்பினால் ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று நொடி. விமானி ஒரு முறை பேசுவது மூன்று நான்கு நொடிதான். பெட்டி திரும்பி வரும்போது அவர் பேசி முடித்திருப்பார். இருபது இடங்களை மட்டும் வைத்தால் சுற்று நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இடையில் ஒரு கெட்ட இரைச்சல் ஸ்கேனைப் பிடித்து நிறுத்தினால் அந்த இடத்தைத் தாண்டச் சொல்லிவிட வேண்டும். ஸ்கெல்ச் என்ற குமிழும் இதே இனம். சிக்னல் இல்லாதபோது வரும் ஓயாத ‘ஷ்ஷ்’ ஒலியை அது வாயடைக்கிறது. அதை மிக இறுக்கி வைத்தால் தொலைவிலுள்ள பலவீனமான குரலும் சேர்ந்து அடைபடும். இரைச்சல் அடங்கும் புள்ளிக்கு ஒரு நூலளவு மேலே நிறுத்துவதே பழகியவர் கை. இதற்கு விதி கிடையாது. சமையலில் உப்பு போல, அன்றைய வானத்தைப் பார்த்துத்தான்.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும், ‘பேசவே முடியாத பெட்டி, அதில் என்ன ஆபத்து’ என்று சிரிக்கத் தோன்றும். கேட்கும் பெட்டியும் பேசும் என்பதே முதல் பதில். ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆஸிலேட்டர் உள்ளே ஓர் அலையை உண்டாக்குகிறது அல்லவா, அதில் சிறு பங்கு வெளியே கசியும். பண்பலையில் 100 மெகா ஹெர்ட்ஸைக் கேட்கும் பெட்டியின் ஆஸிலேட்டர் வழக்கமாக 10.7 கூடுதலாக, 110.7-இல் ஓடும். விமானங்கள் வழி அறியவும் தரையிறங்கவும் நம்பும் சிக்னல்கள் 108-க்கும் 118-க்கும் இடையில்தான் இருக்கின்றன. பயணியர் மடியிலிருந்த சிறு ரேடியோக்களை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானங்களில் தடை செய்தது இதனால்தான்; கைபேசித் தடைக்கு அது மூத்தது. இன்றைய சிப்புகள் பலவற்றில் அமைப்பு மாறிவிட்டாலும் விமானத்தில் ரிசீவரை அணைத்து வைப்பதே முறை. இந்தக் கசிவைப் பற்றிய அச்சம் ஒரு போரிலும் விளையாடியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எதிரியின் ரேடாரை முன்கூட்டியே அறிய மெடாக்ஸ் என்ற ரிசீவரை வைத்திருந்தன. 1943-இல் படகுகள் தொடர்ந்து மாட்டிக்கொண்டபோது, மெடாக்ஸின் கசிவே காட்டிக்கொடுக்கிறது என்று எண்ணி அதன் பயன்பாட்டை நிறுத்தினார்கள். மெடாக்ஸுக்குக் கேட்கவே முடியாத 10 சென்டிமீட்டர் அலை ரேடார் தங்களைத் தேடுகிறது என்பது அவர்களுக்கு அப்போது புரியவில்லை.

மின்னல்தான் பெரிய ஆபத்து. நீளக் கம்பியை வெளியே கட்டியிருப்பவர் கோடை இடிமழைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் முன்பே அதைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இடி தொடங்கிய பிறகு கழற்றப் போவது கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் என்றால் பத்து கிலோமீட்டர். அது உங்களையும் தொடக்கூடிய தூரம். இதில் கருவியே உதவி செய்யும். மத்திய அலையில் காலியான இடத்தில் ‘படக் படக்’ என்று வெடிப்பொலி அடிக்கடி கேட்கத் தொடங்கினால் மழை கண்ணுக்குத் தெரியும் முன்பே மின்னல் நெருங்குகிறது என்று பொருள். ரஷ்ய இயற்பியலாளர் அலெக்சாண்டர் போபோவ் 1895-இல் செய்த ரிசீவருக்கு வேலையே தொலைவிலுள்ள மின்னலை உணர்வதுதான். கம்பியை மின்வாரியக் கம்பிக்கு மேலோ கீழோ வீசிக் கட்டுவது இதைவிட மோசமான வழி. அதைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. அடுத்தது காது. ஸ்கெல்ச் மூடியிருந்தபோது சும்மா இருந்த இயர்போன் அருகிலுள்ள வலுவான குரல் வந்ததும் திடீரென்று அலறும். மெல்லிய குரலுக்காக ஒலியைக் கூட்டி வைத்திருக்கும் நேரத்தில்தான் இது நடக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. வண்டி ஓட்டும்போது காதில் மாட்டவே வேண்டாம். சாதாரண அல்கலைன் செல்லைப் போட்டுவிட்டுச் சார்ஜரைச் செருகக்கூடாது. வெயிலில் பூட்டிய காருக்குள் பெட்டியை விடக்கூடாது. பேசும் வாக்கி டாக்கியின் ஏரியலை ரிசீவரின் ஏரியலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினால் முதல் கட்டப் பெருக்கி எரிந்துபோகலாம்.

‘காற்று பொதுச் சொத்து, அதில் வருவதைக் கேட்டால் யாருக்கு நஷ்டம்’ என்ற வாதம் கேட்க இனிமையானது. சட்டம் அதை ஏற்பதில்லை. இந்தியாவின் 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் உரிமம் இல்லாமல் வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது; கேட்கும் கருவியும் அதில் அடக்கம். 2023-இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டமும் கருவி வைத்திருப்பதற்கு அனுமதியோ விலக்கோ வேண்டும் என்கிறது. பிரிட்டனில் தனக்கு உரியதல்லாத செய்தியைக் கேட்பதே குற்றம்; அமெரிக்காவில் கைபேசிப் பேச்சைக் கேட்கும் வசதியை ஸ்கேனர்களிலிருந்து 1990-களில் நீக்கச் சொன்னார்கள். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் கேட்பதற்கும் பரப்புவதற்கும் நடுவில் ஒரு கோடு உண்டு. விபத்து மீட்புப் பேச்சைக் கேட்டு வாட்ஸாப்பில் போடுபவர் மீட்பவரின் கையைக் கட்டுகிறார். முறையாக இறங்க விரும்புவோருக்கு வழி திறந்தே இருக்கிறது. மத்திய அரசின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு நடத்தும் தேர்வை எழுதினால் 12 வயதிலிருந்தே ஹாம் உரிமம் பெறலாம். விமான நிலைய வேலியோரம் ஏரியல் நீட்டிய பெட்டியோடு நிற்பவரை யாரேனும் விசாரித்தால் அப்போது காட்ட ஒரு தாளாவது இருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் 2008 முதல் தன் ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. யாரும் வீட்டிலிருந்தே ஐரோப்பிய வானத்தைக் கேட்கலாம். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டே விலகிவிட்டது. பிறகு இந்தப் பெட்டி எதற்கு? இந்த வாதத்தில் பாதி சரி. பொழுதுபோக்குக்கு இணையம் போதும், செலவும் இல்லை. ஆனால் இணையத்தில் கேட்பது வேறோர் ஊரின் வானம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. கோபுரமும் மின்சாரமும் இல்லாத இடத்தில் கைபேசி வெறும் டார்ச். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, வேறு வேலையாகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு வானொலி வழியாகவே நலம் விசாரிப்புகளை இந்தியப் பெருநிலத்துக்குக் கடத்தியது. அந்தப் பேச்சை இங்கே கேட்க இணையம் தேவைப்படவில்லை, ஒரு ரிசீவரும் நல்ல செல்லும் போதும்.

புதிதாக எதையும் வாங்குமுன் வீட்டிலுள்ள மத்திய அலை ரேடியோவை இன்று இரவு எடுத்துப் பாருங்கள். அதற்குள் ஃபெரைட் தண்டு ஒன்று கிடைமட்டமாக, பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும், அதுதான் ஏரியல். ஏதாவது ஒரு ஸ்டேஷனை வைத்துக்கொண்டு பெட்டியை மேசைமேல் மெல்லச் சுழற்றுங்கள். சத்தம் உச்சமாகும் திசை மழுங்கலாக, எங்கே என்று சொல்ல முடியாதபடி இருக்கும். மறையும் திசையோ கத்தி முனை போலத் துல்லியமாக இருக்கும்; தண்டின் முனை அப்போது நிலையத்தை நோக்கி நிற்கும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இரைச்சலிலும் அப்படி ஒரு முனையைத் தேடுங்கள். கிடைத்தால் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதுவரை கரகரப்பில் புதைந்து கிடந்த ஸ்டேஷன் எது என்று கேளுங்கள்.